வெளியே கருகல், உள்ளே ஐஸ்!

அடுக்களைக் கேள்வி–பதில் பகுதிக்கு இந்த முறை உறைந்த பர்கர் பேட்டியை ஏர் ஃப்ரையரில் வேகவைப்பது பற்றித்தான் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. கோவை, திருப்பூர் சூப்பர் மார்க்கெட்டுகளோடு நிற்காமல் கோபி, தாராபுரம் பக்கத்து மளிகைக் கடை ஃப்ரீசர் பெட்டிக்குள்ளும் அந்தப் பாக்கெட் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதுவதில்தான் ஒரு சங்கடம். ‘பேட்டி’ என்றால் நிருபர் மைக்கோடு வந்து நிற்கிறார். ‘பாட்டி’ என்றால் அம்மாயியை ஏர் ஃப்ரையருக்குள் வைக்கச் சொல்வது போலாகிறது. இங்கே பேட்டி என்பது பன்னுக்கு நடுவில் வைக்கும் வட்டத் துண்டு மட்டும்தான்.

ஏனுங்க, சிக்கன் பேட்டி பாக்கெட் வாங்கிட்டு வந்து ஏர் ஃப்ரையர்ல 200 டிகிரி வெச்சு 10 நிமிஷம் ஓட்டுனேனுங்க. மேல கருகிப்போச்சு. கடிச்சா நடுவுல சில்லுனு ஐஸாட்டம் இருக்குது. மெஷின் கோளாறா, பேட்டி கோளாறா?
– கோபிசெட்டிபாளையம் வாசகி

இரண்டிலும் கோளாறில்லை. சூடு எச்சு, நேரம் கம்மி. ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த பாக்கெட்டாவது தப்பிக்கும்.

ஏர் ஃப்ரையர் என்பது மேலே சூட்டுக் கம்பியும் விசிறியும் வைத்த குட்டி அவன். பெயரில்தான் பொரியல் இருக்கிறது. அதன் சுடுகாற்று பேட்டியின் மேல்தோலை முதல் சில நிமிஷங்களிலேயே உலர்த்திச் சிவக்க வைத்துவிடும். நடுவில் இருப்பதோ மைனஸ் 18 டிகிரியில் கல்லாட்டம் இறுகின ஐஸ். ஒரு கிராம் ஐஸைத் தண்ணீராக்க மட்டும் ஆகும் சூட்டைக் கொண்டு, அதே ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை ஏற்றிவிடலாம். அவ்வளவு சூடும் தோலிலிருந்து கறி வழியாக மெல்ல மெல்லத்தான் உள்ளே நகர வேண்டும். 200 வைத்தால் தோல்தான் அவசரப்படும். நடுப்பகுதி தன் போக்கில்தான் இளகும்.

மாவும் பிரெட்தூளும் பூசிய கடைப் பேட்டிக்கு, அதாவது 70 முதல் 90 கிராம் எடையும் சுமார் ஒன்றரை செ.மீ. தடிமனும் உள்ளதற்கு, இப்படிச் செய்யுங்கள். காலிக் கூடையை 180 டிகிரியில் 4 நிமிஷம் சூடாக்கிக்கொள்ளுங்கள். பேட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்துவிடுங்கள். மேலே உறைபனித் தூள் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு வையுங்கள். அந்தத் தூள்தான் உருகிப் பூச்சை நொசநொசவென்று ஆக்குகிறது. பேட்டிக்குப் பேட்டி ஒரு விரல் இடைவெளி வேண்டும். உள்அளவு 20 செ.மீ. உள்ள சதுரக் கூடையில் 9 செ.மீ. பேட்டி நாலு வைக்கலாம். ஐந்தாவதை மேலே ஏற்றினீர்கள் என்றால், அது மூடின இடம் மட்டும் வெளுத்து ஈரமாக நிற்கும்.

7 நிமிஷம் கழித்துத் திருப்புங்கள். 3 நிமிஷத்தில் ஆசைப்பட்டுத் தூக்கினால் பூச்சு இன்னும் இறுகியிருக்காது, பாதி கூடையிலேயே ஒட்டிக்கொள்ளும். திருப்பியபின் இன்னும் 5 முதல் 7 நிமிஷம். எடுத்ததும் தட்டில் போடாமல் கம்பி வலை மேல் 2 நிமிஷம் வையுங்கள். தட்டில் வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல், மொறுமொறுவென்று இருந்த அடிப்பாகம் நமத்துவிடும்.

இதற்கும் மேல் கருகுகிறது என்றால் உங்கள் மெஷின் சின்னதாக இருக்கும். 2, 3 லிட்டர் கூடைகளில் கம்பி பேட்டிக்கு ரொம்பப் பக்கம். அதற்கு இரண்டு கட்டமாகப் போங்கள்: 160 டிகிரியில் 8 நிமிஷம், திருப்பிவிட்டு 190-ல் 5 நிமிஷம். முதல் கட்டத்தில் உள்ளே இளகும், இரண்டாவதில் மேலே சிவக்கும்.

முந்தின நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல எடுத்து வெச்சு இளக்கிட்டாச் சீக்கிரம் வேகாதுங்களா?
– தாராபுரம் வாசகர்

சீக்கிரம் வேகும், ஆனால் மொறுமொறுப்பு கெட்டுப்போகும். பூச்சு உள்ள பேட்டி இளகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் கசிந்து பூச்சுக்கு வந்துவிடும். அதற்கப்புறம் எத்தனை டிகிரி வைத்தாலும் மொறுமொறுப்பு திரும்பாது. பூச்சில்லாத கறிப் பேட்டியை வேண்டுமானால் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக்கலாம். சமையல் மேடையில் வைத்து இளக்கவே கூடாது.

வெந்துச்சா இல்லையான்னு வெட்டிப் பார்த்தாத்தான் தெரியுது. வெட்டுனா சாறு போயிருது. நிறத்தை வெச்சுச் சொல்ல முடியாதுங்களா?
– பல்லடம் வாசகர்

முடியாது. நிறம்தான் முதல் ஏமாற்று. கடைச் சிக்கன் பேட்டிகள் பல, தொழிற்சாலையிலேயே சில நொடி எண்ணெயில் முக்கி எடுக்கப்பட்டவை. பூச்சு ஒட்டிக்கொள்வதற்காகச் செய்வது அது. அதனால் ஃப்ரீசரிலேயே பொன்னிறமாகத்தான் இருக்கும். உள்ளே கறி பச்சையாகவும் இருக்கலாம், முழுக்க வெந்ததாகவும் இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதுதான் முதல் வேலை. ‘முழுதும் வேகவைத்தது’ என்றிருந்தால் நீங்கள் செய்வது சூடாக்கும் வேலை மட்டும். ‘சமைக்கத் தயார்’ என்று மட்டும் போட்டிருந்தால் பச்சைக்கறி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான பதில் சமையல் தெர்மாமீட்டர். ஊசி வைத்த சாதாரண டிஜிட்டல் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் போட்டவர்கள் இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. குத்துவதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். மேலிருந்து குத்தினால் ஒன்றரை செ.மீ. பேட்டியைத் தாண்டி ஊசிமுனை கூடையைத் தொட்டு, கூடையின் சூட்டைக் காட்டும். பக்கவாட்டில், பேட்டியின் இடுப்பில், நடு மையம்வரை படுக்கை வசமாக நுழையுங்கள். கோழி என்றால் 74 டிகிரி. ஆட்டுக்கறி, மாட்டுக்கறிக் கைமா என்றால் 71. கூடையில் இருப்பதிலேயே தடிமனான பேட்டியைச் சோதியுங்கள். அது தேறினால் மற்றவை எப்போதோ தேறியிருக்கும். 65 காட்டினால் 2 நிமிஷம் வைத்து மறுபடி பாருங்கள். இடையில் ஊசியைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கைமாவுக்கு மட்டும் ஏன் இந்தக் கறார் என்றால், முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்போடு நின்றுவிடும். கொத்தி அரைக்கும்போது மேலே இருந்தது அத்தனையும் உள்ளே போய்விடுகிறது. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒரு பேட்டியைப் பலி கொடுத்து நடுவில் வெட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வீடியோவுல 370 டிகிரி வைங்கன்னு சொல்றாங்க. எங்க மெஷின்ல 200-க்கு மேல போகவே இல்லீங்க.
– திருப்பூர் வாசகி

அவர்கள் சொல்வது ஃபாரன்ஹீட். உங்கள் மெஷினில் இருப்பது செல்சியஸ். சொன்ன எண்ணில் 32 கழித்து 1.8-ஆல் வகுங்கள்: 370 என்பது 188 டிகிரி. 360 என்றால் 182, 400 என்றால் 204. இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் கால் பவுண்டு, அதாவது 113 கிராம் எடையுள்ள பூச்சில்லாத மாட்டுக்கறிப் பேட்டியை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. நம் கடைப் பேட்டி அதைவிடச் சின்னது, பூச்சு உள்ளது. அவர்கள் சொல்லும் 15 நிமிஷத்தை அப்படியே வைத்தால் உங்களுக்குக் கருகும்.

மட்டன் பேட்டி வெச்சா வீடெல்லாம் பொகைங்க. ஒறம்பரை வந்திருந்தப்ப ஹாலுக்குள்ள உக்காரவே முடியல. வெந்து வந்த பேட்டியும் ரப்பராட்டம் இருக்குது. கைமா வாங்கி உப்பு, மசாலா போட்டு நல்லாப் பிசைஞ்சுதான் உறைய வெச்சேன்.
– காங்கேயம் வாசகி

புகைக்குக் கொழுப்பு காரணம், ரப்பருக்கு உங்கள் கை காரணம்.

முதலில் புகை. வெள்ளைப் புகை என்றால், உருகின கொழுப்பு கூடைக்குக் கீழே இருக்கும் சூடான தட்டில் சொட்டித் தீய்கிறது என்று பொருள். கூடைக்கு அடியில் உள்ள தட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டால் கொழுப்பு தண்ணீரில் விழுந்து ஆறிவிடும். மெஷினோடு வந்த கையேடு அதை வேண்டாம் என்று சொல்லாதவரை செய்யலாம். தண்ணீருக்குப் பதில் ஒரு பிரெட் துண்டை அடியில் வைத்தாலும் கொழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டாம் ஈடு போடுவதற்கு முன் தட்டில் நிற்கும் கொழுப்பை வடித்துவிட வேண்டும், மறந்தால் இரண்டாவதில்தான் புகை பிய்த்துக்கொண்டு வரும். சூட்டையும் 180-க்கு மேல் ஏற்றாதீர்கள். செக்கு எண்ணெய் தடவும் வழக்கம் இருந்தால் கறிப் பேட்டிக்கு அதை விட்டுவிடுங்கள். கறியிலேயே கொழுப்பு இருக்கிறது. செக்கு எண்ணெய் ரீஃபைண்ட் எண்ணெயைவிடச் சீக்கிரம் புகையும். கறுப்புப் புகை வந்தால் கதை வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புகை அடங்கியபின் கூடையை இழுத்துப் பாருங்கள்.

இனி ரப்பர். கறியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் அதிலிருக்கும் புரதம் கரைந்து பசையாக வெளியே வந்து, துண்டுக்குத் துண்டு ஒட்டிக்கொள்ளும். சீக் கபாபுக்கு அது வேண்டும், கம்பியில் நிற்க வேண்டுமே. பர்கருக்கு வேண்டாம். பேட்டி என்பது கடித்தால் பொலபொலவென்று உதிர வேண்டிய சாமான். கைமாவை மசாலாவோடு விரல்நுனியால் புரட்டி, வட்டமாகத் தட்டுவதோடு நிறுத்துங்கள். உப்பைப் பேட்டி கூடைக்குள் போகிற நேரத்தில் இரண்டு பக்கமும் தூவினால் போதும்.

ரப்பருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளாட்டுக்கறியில் கொழுப்பு குறைவு. அரைக் கிலோ கைமா என்றால் 400 கிராம் கறிக்கு 100 கிராம் கொழுப்பு என்று கடைக்காரரிடம் கேட்டுச் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். அந்தக் கொழுப்புதான் உருகி உள்ளே ஈரத்தைக் காக்கிறது. ‘கொழுப்பில்லாமப் போடுங்க’ என்று குழம்புக்குச் சொல்லும் பழக்கத்தில் இங்கேயும் சொல்லிவிடாதீர்கள்.

அரைக் கிலோவுக்கு 100 கிராம் வீதம் ஐந்து பேட்டி வரும். பன்னைவிட 1 செ.மீ. அகலமாகத் தட்டுங்கள், வேகும்போது சுருங்கும். நடுவில் கட்டைவிரலால் லேசாக ஒரு குழி அழுத்திவிடுங்கள்; இல்லையென்றால் ஓரம் சுருங்கி நடு உப்பிப் பந்தாகிவிடும். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி 3 மணி நேரம் உறையவிட்டு, இறுகினபின் நடுநடுவே பேப்பர் வைத்து டப்பாவுக்கு மாற்றுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உறைந்த நிலையிலேயே 180 டிகிரியில் 9 நிமிஷம், திருப்பி 6 முதல் 8 நிமிஷம். கரண்டியால் அமுக்கி ‘சுர்ர்’ என்று சத்தம் வர வைப்பது வேண்டாம். அந்தச் சத்தம் முழுக்க உங்கள் பேட்டியின் சாறு.

பள்ளிபாளையம் சிக்கன் ருசியில பேட்டி செஞ்சு உறைய வைக்க முடியுங்களா? நோம்பிக்குப் பேரன் பேத்திங்க வருவாங்க.
– ஈரோடு வாசகர்

தாராளமாக. அந்த ருசியே நாலு சாமானில்தான் நிற்கிறது: சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ப் பல், கடலெண்ணெய். பட்டை, கிராம்பு, தக்காளி எதையும் உள்ளே விடாதீர்கள். ஆனால் வறுவலில் செய்வதை அப்படியே கைமாவில் செய்தால் பேட்டி பிளந்துவிடும். மூன்று இடத்தில் மாற்ற வேண்டும்.

தேங்காய்ப் பல்லை வறுவலுக்கு நறுக்குவது போல விரல் நகம் அளவுக்கு விடக் கூடாது. 3 மில்லி மீட்டருக்குப் பொடியாக நறுக்குங்கள். பெரிய பல் இருக்கும் இடத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். சின்ன வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்த்தால் ஃப்ரீசரில் அதன் தண்ணீர் உறைந்து, வேகும்போது கறியை உதிர்க்கும். அதனால் கடலெண்ணெயில் ஈரம் சுண்டும்வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள். வரமிளகாயை விதை தட்டி, வெந்நீரில் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். கிள்ளிப் போட்டால் கைமாவில் காரம் ஒரு கடியில் இருக்கும், அடுத்த கடியில் இருக்காது.

எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ, 15 சின்ன வெங்காயம், 8 வரமிளகாய், பொடி நறுக்கிய தேங்காய் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, பிரெட்தூள் 3 மேசைக்கரண்டி, உப்பு ஒரு டீஸ்பூன். கோழிக் கைமா ஆட்டுக்கறியைவிட இளக்கம், அதனால் இதில் உப்பை முன்னாலேயே சேர்த்து ஒரு நிமிஷம் புரட்டலாம்; கொஞ்சம் பசை பிடித்தால்தான் வட்டம் நிற்கும். நெஞ்சுக்கறி வேண்டாம், காய்ந்து நாராகிவிடும். துண்டுகளை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து ஓரம் இறுகினபின் மிக்ஸியில் நாலைந்து முறை விட்டு விட்டு ஓட்டினால் வீட்டிலேயே கைமா ஆகிவிடும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் களியாகும். (கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, என்றாலும் அதில் மாவை மட்டும் ஆட்டுங்கள்.)

ஆறு பேட்டி வரும். உறைந்ததை இரண்டு பக்கமும் எண்ணெய் தொட்டுத் தடவி 180 டிகிரியில் 9 நிமிஷம், திருப்பி 6 அல்லது 7 நிமிஷம். உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள்.

வீட்டு உருளைக்கிழங்கு பேட்டி கூடைக்குள்ளயே உதிர்ந்து போகுது. மேல தூவுன பிரெட்தூள் செவக்காம வெள்ளையாவே இருக்குது.
– மேட்டுப்பாளையம் வாசகி

கிழங்கு மண்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கிழங்கைக் குறை சொல்ல முடியாது! தண்ணீர்தான் காரணம். தோலுரித்து வெட்டி வேகவைத்தால் கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும். தோலோடு முழுசாக வேகவைத்து, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் ஆறவிட்டு, மறுநாள் துருவுங்கள். ஆறும்போது மாவுச்சத்து இறுகும், மசித்தாலும் கூழாகாது. பட்டாணி, கேரட் சேர்ப்பதானால் வேகவைத்துத் துணியில் ஒத்திச் சேருங்கள். அரைக் கிலோ கிழங்குக்கு மரவள்ளி மாவு இரண்டு மேசைக்கரண்டி போதும். குச்சிக்கிழங்கு விளையும் நாட்டில் கார்ன்ஃப்ளார் தேடி அலைய வேண்டியதில்லை. அவல் கைவசம் இருந்தால் பொடித்து மூன்று மேசைக்கரண்டி சேர்த்தாலும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பிரெட்தூள் சிவக்காததற்குக் காரணம், அதில் எண்ணெய் இல்லாததுதான். சட்டியில் பொரித்தால் எண்ணெய் தானே ஏறும், இங்கே வெறும் காற்று. ஒரு கப் பிரெட்தூளில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிசறி, வாணலியில் இளஞ்சிவப்பாக வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். பேட்டியை மைதாக் கரைசலில் தோய்த்து அந்தத் தூளில் புரட்டி உறைய வையுங்கள். வேண்டிய நிறம் முன்னாலேயே வந்துவிட்டதால், அப்புறம் 180 டிகிரியில் 11, 12 நிமிஷம் சூடேற்றினாலே போதும். காய்கறிப் பேட்டியை ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும், அதுவும் இடுக்கியால் வேண்டாம், தட்டைக் கரண்டியால்.

பன்னை உள்ள வெச்சா மேல் மூடி பறந்து போயிக் கம்பியில ஒட்டிக்குது. சீஸும் பறக்குது.
– கோவை வாசகர்

விசிறி உள்ள மெஷின், பறக்கத்தான் செய்யும். பன்னின் வெட்டின பக்கம் மேலே தெரிய வைத்து, மெஷினோடு வந்த கம்பி வலை இருந்தால் அதை மேலே கவிழ்த்துவிடுங்கள். 160 டிகிரியில் ஒன்றரை முதல் 2 நிமிஷம், பக்கத்திலேயே நின்று பாருங்கள். நம் ஊர் பேக்கரி பன்னில் இனிப்பு தூக்கல். சர்க்கரை இருந்தால் கருகலும் வேகமாக வரும். தோசைக்கல் சூடாக இருந்தால் அதிலேயே வெண்ணெய் தடவிப் போட்டு எடுப்பது இதைவிட நல்லது என்பதே எங்கள் கட்சி.

சீஸுக்கு ஓடும் காற்றே வேண்டாம். பேட்டி வெந்ததும் மெஷினை அணைத்து, சீஸை மேலே வைத்துக் கூடையை உள்ளே தள்ளி ஒரு நிமிஷம் விடுங்கள். மிச்சச் சூட்டிலேயே இளகிப் படிந்துவிடும். பட்டர் பேப்பரும் அப்படித்தான். மேலே பேட்டி என்ற பாரம் இல்லாமல் காலிக் கூடையில் விரித்து முன்சூடாக்கினால் பேப்பர் எழும்பிக் கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கும்.

காலைல 9 மணிக்குப் பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்துனாங்க, பொழுதோடதான் வந்துச்சு. ஃப்ரீசர்ல இருந்த பேட்டியத் திரும்ப உறைய விடலாமுங்களா? இன்னொன்னு, 1500 வாட்ஸ் மெஷினைச் சின்ன பிளக்குல போடலாமா?
– உடுமலைப்பேட்டை வாசகர்

தொட்டுப் பாருங்கள். நடுவில் இன்னும் கல்லாக, ஐஸ் துகளோடு இருந்தால் திரும்ப உறையவிடலாம். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், மற்றபடி பயமில்லை. இளகிவிட்டது, ஆனால் ஃப்ரிட்ஜின் குளிர்ச்சி இருக்கிறது என்றால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்து 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றால் தூக்கிப் போடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறைந்த தனி டீப் ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கரண்ட் நிறுத்தம் என்று முந்தின நாளே தெரிந்தால், பாட்டிலில் தண்ணீரை முக்கால் அளவு ஊற்றி உறைய வைத்துப் பாக்கெட்டுகளுக்கு இரண்டு பக்கமும் அணைகொடுங்கள்.

பிளக்குக்குக் கணக்கு இருக்கிறது. சின்ன பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட்ஸ். உங்கள் மெஷின் அதைத் தாண்டுகிறது. 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் மட்டும் போடுங்கள். கன்வர்ட்டர், நீட்டிப்புப் பெட்டி எதுவும் வேண்டாம். முதலில் உருகுவது அவைதான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் இதைத் தாங்காது. கரண்ட் செலவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. முன்சூட்டோடு சேர்த்து 20 நிமிஷம் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது.

பள்ளிக்கூடத்துக்கு டிபன் பாக்ஸ்ல சிக்கன் பர்கர் கட்டிக் குடுக்கலாமா? காலைல 7 மணிக்குச் செஞ்சா மத்தியானம் 12:30-க்குச் சாப்பிடுவான்.
– கரூர் வாசகி

வேண்டாம். வெந்த கறி அறைச் சூட்டில் 2 மணி நேரம்தான் தாங்கும். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். கரூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பையன் வீட்டுக்கு வந்தபின் பொழுதோட சுடச்சுடச் செய்து கொடுங்கள், 20 நிமிஷ வேலை.

இதே கூடையில வாழைக்காய் பஜ்ஜி போடலாமுங்களா?
– பொள்ளாச்சி வாசகர்

மாவு கூடை ஓட்டை வழியாக ஒழுகிவிடும். பஜ்ஜி மாவைச் சடாரென்று இறுக்கிப் பிடிக்கக் கொதிக்கும் எண்ணெய் வேண்டும், காற்றால் அது ஆகாது. பஜ்ஜிக்கு வாணலிதான்.

கூடையோட கறுப்புப் பூச்சு உரியுது. எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு, ஸ்டீல் நாருல தேச்சுத்தான் கழுவறோம். மெஷினுக்குப் பக்கத்துலதான் லவ் பேர்ட்ஸ் கூண்டு இருக்குது, அதுக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?
– நாமக்கல் வாசகி

கூண்டை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம். நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் புகை, பறவைகளின் நுரையீரலுக்கு விஷம். நம் மூக்குக்கு வாசனையே தெரியாத அளவே குருவிகளைக் கொன்றுவிடும். 200 டிகிரியில் நல்ல பூச்சு அப்படிப் புகையாதுதான். ஆனால் கொழுப்புக் கருகும் புகையும் அவற்றுக்கு ஆகாது, சமையலறை எப்போதுமே கூண்டுக்கான இடமில்லை.

பூச்சு உரிவதற்கு நாரும் காரணம், ஸ்ப்ரேயும் காரணம். கேனில் அடைத்து விற்கும் ஸ்ப்ரேக்களில் பலவற்றில் லெசித்தின் கலந்திருக்கும். அது சூட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்கத்தான் நார் தேவைப்படுகிறது. அடுத்த கூடைக்குச் சாதா எண்ணெயைத் தூரிகையால் தொட்டு, கூடையை விட்டுவிட்டுப் பேட்டியில் தடவுங்கள். கழுவ, கூடை ஆறினபின் வெந்நீரும் பாத்திரச் சோப்பும் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் மெத்தென்ற ஸ்பாஞ்சுக்கே எல்லாம் வந்துவிடும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறினபின் மெஷினைத் தலைகீழாகச் சாய்த்து, மேல்கம்பியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். அங்கே தெறித்து ஒட்டின கொழுப்புதான் வெறும் கூடையைச் சூடாக்கினாலும் நாற்றமடிக்கும்.

உரிந்த கூடையை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். உங்கள் மெஷினின் மாடல் எண்ணைச் சொன்னால் சர்வீஸ் சென்டரிலேயே கூடை தனியாகக் கிடைக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மாடல் எண் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும், கவிழ்த்துப் பாருங்கள்.